கட்டுமானச் செலவு ஏறினால் சென்னையில் யார் வீட்டுக்கு அடி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலும் புறநகரிலும் சொந்த மனையில் வீடு கட்டுவோர், அடுக்ககத்தில் வீடு வாங்குவோர், பழைய குடியிருப்பை இடித்துக் கட்ட யோசிப்போர் ஆகியோர் கேட்கும் கேள்விகள் இவை. கணக்குகளில் வரும் விலைகள் கணக்கு புரிவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் பகுதியின் அன்றைய விலையைப் போட்டு மறுபடி கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

கட்டுமானச் செலவு 20% ஏறினால் வீட்டு விலையும் 20% ஏறுமா?

ஏறாது. எவ்வளவு ஏறும் என்பது அந்த விலையில் மனைக்கு எவ்வளவு, கட்டடத்துக்கு எவ்வளவு என்பதைப் பொறுத்தது.

தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி 18.30 மீட்டர் உயரத்துக்குட்பட்ட சாதாரணக் கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு (எஃப்.எஸ்.ஐ.) 2. அதாவது ஒரு கிரவுண்டில், 2,400 சதுர அடி மனையில், 4,800 சதுர அடி கட்டலாம். எனவே மனை விலையில் பாதி ஒவ்வொரு சதுர அடி கட்டடத்தின் தலையிலும் ஏறுகிறது.

நகரின் நடுவில் மனை சதுர அடி 16,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கட்டடத்தின் ஒரு சதுர அடிக்கு மனைப் பங்கு 8,000, கட்டுமானம் 2,800, மொத்தம் 10,800. கட்டுமானம் 20% ஏறினால் 560 ரூபாய் கூடும்; மொத்த விலையில் அது 5% சொச்சம். கூடுவாஞ்சேரிக்கு அப்பால் மனை 2,500 என்றால் மனைப் பங்கு 1,250, கட்டுமானம் 2,400, மொத்தம் 3,650. அதே 20% ஏற்றம் 480 ரூபாய். அங்கே அது 13%.

இரண்டு இடத்திலும் சிமென்ட் ஒன்றுதான், கம்பி ஒன்றுதான். ஆனால் அடி விழுவது மனை மலிவு என்று தேடிப் போன புறநகர்க்காரர் மீது. கட்டுமானச் செலவு பற்றிய பேச்சில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். ‘சென்னையில் விலை 8% ஏறியது’ என்கிற சராசரிக் கணக்கு யாருக்கும் பயன்படாது.

சின்ன வீட்டுக்குச் சதுர அடிச் செலவு ஏன் அதிகமாக வருகிறது?

500 சதுர அடி வீட்டுக்கும் ஒரு சமையலறை, ஒரு குளியலறை, ஒரு தலைவாசல் கதவு, ஒரு மீட்டர் பெட்டி வேண்டும். 1,000 சதுர அடி வீட்டில் குளியலறை இரண்டாகலாம், சமையலறை இரண்டாகாது. பைப், டைல்ஸ், சிங்க், வாட்டர் ப்ரூஃபிங் எல்லாம் குவியும் இடம் சமையலறையும் குளியலறையும்தான். ஆகவே வீடு சிறுக்கச் சிறுக்கச் சதுர அடிச் செலவு ஏறும்.

45 லட்சம் ரூபாய் எல்லை என்கிறார்களே, அது என்ன?

2019 ஏப்ரல் 1 முதல் கட்டி முடிக்காத வீட்டுக்கு ஜி.எஸ்.டி. 5%. மலிவு விலை வீடு என்ற வரையறைக்குள் வந்தால் 1%. அந்த வரையறை: மொத்த விலை 45 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், சென்னை போன்ற பெருநகர்ப் பகுதியில் கார்ப்பெட் பரப்பு (வெளிச்சுவருக்கு உள்ளே புழங்கும் இடம்) 60 சதுர மீட்டருக்குள், மற்ற ஊர்களில் 90 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும். பார்க்கிங், மேம்பாட்டுக் கட்டணம் என்று பில்டர் தனித்தனியாக வாங்குபவையும் அந்த 45 லட்சத்துக்குள் அடக்கம்.

2019-ல் வைத்த இந்த எல்லைக்குப் பிறகு கூலியும் மணலும் எங்கேயோ போய்விட்டன. 60 சதுர மீட்டர் என்பது சுமார் 645 சதுர அடி. சுவர், மாடிப்படி, பொதுப் பங்கு சேர்த்தால் விற்கும் பரப்பு 900-ஐத் தொடும். 45 லட்சத்தை 900-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 5,000. அதைத் தாண்டினால் சலுகை போய்விடும்.

போவதும் சரிவாக அல்ல, படியாக. 45 லட்சம் வீட்டுக்கு வரி 45,000. 46 லட்சம் வீட்டுக்கு வரி 2,30,000. விலை 1 லட்சம் ஏற, வாங்குபவர் கையிலிருந்து போவது 2,85,000. அதனால் பில்டர் என்ன செய்வார்? விலையைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுருக்குவார். 645 என்பது 590 ஆகும், பிறகு 540. ஹாலில் சோபா போட்டால் பால்கனிக் கதவு திறக்காத வீடுகள் பிறப்பது இப்படித்தான்.

பணிநிறைவுச் சான்று வாங்கியபின் விற்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. ஆனால் பில்டருக்கு உள்ளீட்டு வரி திரும்பக் கிடைப்பதில்லை. சிமென்ட்டுக்கும் கம்பிக்கும் அவர் கட்டிய வரி விலைக்குள்ளேயே புதைந்திருக்கும்.

பத்திரச் செலவும் ஏறுமா?

ஏறும். 2023 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் புதிய அடுக்கக வீட்டை நிலத்தின் பிரிக்கப்படாத பாகமும் கட்டடமும் சேர்ந்த கூட்டு மதிப்பில் பதிகிறார்கள். 50 லட்சம் வரை முத்திரைத்தீர்வை 4%, அதற்கு மேல் 3 கோடி வரை 5%. பதிவுக் கட்டணம் 2% தனி. கட்டடத்தின் விலை ஏறினால் தீர்வையும் கூடவே ஏறும்.

1,000 சதுர அடி வீட்டுக்கு என்னென்ன, எவ்வளவு பிடிக்கும்?

தூண், பீம் வைத்த தரைத்தள வீட்டுக்கு, நல்ல மண்ணில்: சிமென்ட் 400 முதல் 450 மூட்டை, கம்பி 3.5 முதல் 4 டன். மணல் (கல்லை நொறுக்கிச் செய்யும் எம்-சாண்ட், பூச்சுக்கான பி-சாண்ட் சேர்த்து) சுமார் 18 யூனிட். ஜல்லி 13 அல்லது 14 யூனிட். நம் ஊரில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. வேளச்சேரி, பள்ளிக்கரணை போலக் களிமண்ணும் நீர்மட்டமும் மேலே இருக்கும் இடங்களில் அடித்தளம் மட்டும் தனிக் கணக்கு. மண் பரிசோதனை செய்யாமல் யார் சதுர அடி ரேட் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

எந்தப் பொருள் அதிகம் ஆட்டம் காட்டுகிறது?

கம்பி ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். உருக்காலைகளுக்கு வேண்டிய கோக்கிங் நிலக்கரியில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் கம்பி விலை எகிறியது. அந்த மே மாதம் மத்திய அரசு உருக்கு ஏற்றுமதிக்கு வரி போட்டது, விலை இறங்கியது, நவம்பரில் வரியை எடுத்தார்கள். ஆறு மாதத்தில் இத்தனை. வேலை தொடங்கும் தேதி சற்றுத் தள்ளினாலே கம்பிக் கணக்கு மாறிவிடும் என்பதற்கு இது சாட்சி.

மணல் கதை வேறு. ஆற்று மணல் கிடைப்பது அரிதாகி நகரமே எம்-சாண்டை நம்பியிருக்கிறது. 2025 ஏப்ரலில் கனிம நில வரி நடைமுறைக்கு வந்தபோது கிரஷர்கள் (கல் நொறுக்கும் ஆலைகள்) வேலைநிறுத்தத்தில் இறங்க, கட்டுமானம் பல இடங்களில் அப்படியே நின்றது. இதில் லாரி வாடகை பெரிய பங்கு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது எம்-சாண்டுக்கு அப்படியே பொருந்தும். குவாரி ரேட் என்னவாக இருந்தாலும் உங்கள் தெருவுக்குள் டாரஸ் லாரி நுழையுமா, சின்ன வண்டிக்கு மாற்ற வேண்டுமா என்பதில்தான் யூனிட் விலை முடிவாகும்.

கூலி ஏறும், இறங்கியதே இல்லை. கட்டடச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூலிதான். சென்டரிங், கம்பி வேலைகளில் பீகார், ஒடிசா, மேற்கு வங்கத் தொழிலாளர்கள் பெரிய அளவில் இருப்பதால், ஹோலிக்கும் அங்கே தேர்தல் நடக்கும் காலத்துக்கும் ஊருக்குப் போனால் வேலை நிற்கும். ஹோலியை ஒட்டி ரூஃப் கான்கிரீட் தேதி வைக்காதீர்கள்.

சிமென்ட்டுக்கு ஜி.எஸ்.டி. குறைந்ததே, செலவு குறையவில்லையா?

2025 செப்டம்பர் 22 முதல் 28% என்பது 18% ஆனது. வரியோடு 384 ரூபாய்க்கு விற்ற மூட்டையின் அடிப்படை விலை 300. புதிய வரியோடு 354. மூட்டைக்கு 30 ரூபாய், 420 மூட்டைக்கு 12,600 ரூபாய். 24 லட்சம் ரூபாய் வீட்டில் இது அரை சதவீதம், அதுவும் கம்பெனி அடிப்படை விலையை ஏற்றாமல் இருந்தால். தலைப்புச் செய்தியில் பெரிதாகத் தெரிந்தது, சைட்டில் ஒரு ரூமுக்கு டைல்ஸ் வாங்கும் காசு.

கம்பியிலும் மணலிலும் அளவு குறைந்து ஏமாறாமல் இருக்க?

கம்பியின் எடைக்கு ஒரு சூத்திரம்: விட்டத்தை (மி.மீ.) அதாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 8 மி.மீ. மீட்டருக்கு 0.395, 12 மி.மீ. 0.888. ஆக 12 மீட்டர் நீளமுள்ள 12 மி.மீ. கம்பி ஒன்று 10.66 கிலோ இருக்க வேண்டும். தரநிலை (ஐ.எஸ். 1786) 10 மி.மீ. வரை 7%, அதற்கு மேல் 16 மி.மீ. வரை 5%, அதற்கும் மேல் 3% ஏற்றத்தாழ்வை அனுமதிக்கிறது. எண்ணிக்கையில் வாங்கி முழு எடைக்குக் காசு கொடுத்தால் இந்த இடைவெளி உங்கள் நஷ்டம். எடை போட்டு வாங்கினால் காசு சரி, ஆனால் கம்பி மெலிவு. ஐந்து கம்பியை எடை போட்டுப் பார்த்துவிட்டு லாரியை இறக்கச் சொல்லுங்கள்.

மணலுக்கு டேப் வைத்து லாரிப் பெட்டியின் நீள, அகல, உயரம் அளக்கலாம். ஈர மணல் உப்பி நிற்கும். அளவில் கால்வாசி வரை பொய் சொல்லும். எடைமேடை ரசீது கேட்பது மேல். எம்-சாண்ட் ஒரு யூனிட் தோராயமாக 4.5 டன்.

லேபர் கான்ட்ராக்டா, மெட்டீரியலோடு கான்ட்ராக்டா?

விலை ஏறும் காலத்தில் இந்தக் கேள்வியின் உண்மையான பொருள், ஏற்றத்தை யார் சுமப்பது என்பதுதான். லேபர் கான்ட்ராக்டில் நீங்கள் சுமக்கிறீர்கள். மெட்டீரியல் கான்ட்ராக்டில் கான்ட்ராக்டர் சுமப்பதாகப் பேச்சு. ஆனால் கம்பி கிலோவுக்கு 8 ரூபாய் ஏறினால் அவர் எங்கிருந்து தருவார்? சிமென்ட் விகிதத்திலும் கம்பி இடைவெளியிலும் எடுப்பார், அல்லது வேலையை விட்டுப் போவார்.

வரி வித்தியாசமும் உண்டு. தனி வீடு ஒன்றுக்கு வெறும் கூலி ஒப்பந்தம் என்றால் ஜி.எஸ்.டி. விலக்கு. பொருளோடு சேர்ந்த ஒப்பந்தத்துக்கு, கான்ட்ராக்டர் பதிவு பெற்றவரானால், 18%. சதுர அடி ரேட்டுக்குள் இது அடக்கமா என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு, பேஸ்மென்ட் நிரப்பும் மண், பால்கனிக்கு முழு ரேட்டா பாதியா ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். பாதிச் சண்டை இவற்றில்தான் வரும்.

விலையேற்ற ஷரத்தை எப்படி எழுதுவது?

முழு ஏற்றத்தையும் ஒருவர் தலையில் கட்டாமல், ஒரு வரம்பு வைத்துப் பிரிப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். கம்பி, சிமென்ட், எம்-சாண்ட், ஜல்லி நான்குக்கு மட்டும் ஒப்பந்த நாள் விலையை எழுதுங்கள். டைல்ஸ், வயர் போன்றவற்றைச் சேர்க்க வேண்டாம். 5% வரை ஏறினாலும் இறங்கினாலும் கான்ட்ராக்டர் பாடு. அதற்கு மேல் ஏறினால் நீங்கள் தர வேண்டும். கீழே இறங்கினால் அவர் கழிக்க வேண்டும். கணக்குக்கு எடுக்க வேண்டிய பொருள் அளவு பில்லில் வருவது அல்ல, ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கில் உள்ளது.

உதாரணம்: 1,200 சதுர அடி, சதுர அடிக்கு 3.8 கிலோ, மொத்தம் 4,560 கிலோ கம்பி. ஒப்பந்த விலை கிலோ 65. 5% வரம்பு 68.25. வாங்கும்போது 74. வித்தியாசம் 5.75, நீங்கள் தர வேண்டியது 26,220 ரூபாய். இது இல்லாமல் ‘விலை ஏறிப்போச்சு சார், ரெண்டு லட்சம் போட்டுக் குடுங்க’ என்று வருபவரிடம் வாதாட எந்தப் பிடியும் இருக்காது.

பில்டர் பாதியில் கூடுதல் பணம் கேட்கலாமா?

பதிவு செய்த ஒப்பந்தத்தில் விலையேற்ற ஷரத்து இல்லையென்றால் கேட்க முடியாது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை அல்லது 8 வீடுகளுக்கு மேல் உள்ள திட்டம் ரெரா (வீட்டுமனைத் துறை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவின் கீழ் வரும். அங்கே ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வாங்குவோரிடம் பெற்ற பணத்தில் 70% தனிக் கணக்கில் இருந்து அந்தத் திட்டத்தின் மனை, கட்டுமானத்துக்கே செலவாக வேண்டும்.

நேரடியாகக் கேட்க முடியாதபோது இரண்டு வழி எடுப்பார்கள். ஒன்று தாமதம். சட்டத்தில் காலநீட்டிப்புக்கான தவிர்க்க இயலாக் காரணங்கள் போர், வெள்ளம், வறட்சி, தீ, புயல், நிலநடுக்கம், இயற்கைச் சீற்றம். சிமென்ட் விலை அதில் இல்லை. தாமதமானால் விலகிப் பணத்தை வட்டியோடு திரும்பப் பெறலாம், அல்லது வீடு கைக்கு வரும்வரை மாத வட்டி கேட்கலாம். தமிழ்நாட்டில் வட்டி, எஸ்.பி.ஐ.-யின் அதிகபட்ச எம்.சி.எல்.ஆர். (வங்கி கடன் கொடுக்கும் அடிப்படை வட்டி) விகிதத்துக்கு மேல் 2%.

இன்னொன்று, சொன்ன பொருளை மாற்றுவது. தேக்கு நிலை வேம்பாகும், செம்பு வயரின் பிராண்டு மாறும். வாங்கியவர் சம்மதமின்றி இப்படி மாற்றக் கூடாது (ரெரா சட்டம், பிரிவு 14). ஆனால் ஒப்பந்தத்தில் ‘அல்லது அதற்கு இணையானது’ என்ற சொல் இருந்தால் உங்கள் பிடி தளரும். கையெழுத்துக்கு முன் அந்தச் சொல்லைத் தேடுங்கள்.

எங்கே சிக்கனம் செய்தால் பிறகு வினையாகும்?

கான்கிரீட், கம்பிக்கு வெளியே விடும் கவர், பூச்சு, க்யூரிங் (கான்கிரீட்டை ஈரமாக வைத்திருக்கும் நீராற்றல்). இந்த நான்கில் கை வைக்கக் கூடாது.

எம் 20 தரக் கான்கிரீட்டுக்கு (சிமென்ட், மணல், ஜல்லி 1:1.5:3) கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை சிமென்ட் பிடிக்கும். மூட்டைக்குத் தண்ணீர் 25 லிட்டரை ஒட்டி. ரெடிமிக்ஸ் லாரி வந்ததும் ‘கெட்டியா இருக்கு’ என்று ஹோஸ் பைப்பைத் திருப்பினால் நீங்கள் காசு கொடுத்த வலிமை அங்கேயே கரைகிறது. திருவான்மியூர், பாலவாக்கம் போன்ற கடலோரத்தில் உப்புக் காற்றுக்கு நேரே நிற்கும் கட்டடத்துக்கு கான்கிரீட்டுக்கான தரநிலை (ஐ.எஸ். 456) எம் 30 தரமும் 45 மி.மீ. கவரும் கேட்கிறது. அங்கே சாதாரண 20 மி.மீ. கவர் வைத்த சன்ஷேடு, பால்கனிதான் முதலில் துருப்பிடித்துப் பிளந்து விழும்.

மணலில் கிரஷர் தூளைக் கலப்பது இன்னொரு பழக்கம். நொறுக்கிய கல் மணலில் 150 மைக்ரானுக்குக் குறைந்த தூள் 20% வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் கலவை தண்ணீரை உறிஞ்சும், பூச்சில் நூல் விரிசல் விழும். 2021-ல் புளியந்தோப்பு கே.பி. பார்க் அரசுக் குடியிருப்பில் பூச்சு கைபட்டாலே உதிர்ந்ததும், ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆய்வுக்கு ஒப்படைத்ததும் நினைவிருக்கும். வீட்டை வாங்கும் முன் ஒரு சாவியால் சுவரைக் கீறிப் பாருங்கள். மாவாகக் கொட்டினால் பெயின்ட் பூசி மறைத்த கதை அது. கட்டமைப்புக் குறைகளுக்கு ஒப்படைத்ததிலிருந்து 5 ஆண்டுக்குப் பில்டர் பொறுப்பு.

ஏ.ஏ.சி. பிளாக் (எடை குறைந்த கான்கிரீட் கல்) போட்டால் மிச்சமாகுமா?

ஐந்து மாடிக்கு ஆகும்; தரைத்தள வீட்டுக்குப் பெரிதாக ஆகாது. செங்கலைவிட மூன்றில் ஒரு பங்கு எடைதான் என்பதால் மாடி ஏற ஏறப் பீம், தூண், ஃபுட்டிங்கில் கம்பி குறையும். ஆனால் அதற்கென உள்ள பசையில் 3 மி.மீ. ஜாயின்டும், தூண் சேரும் இடத்தில் வலையும் இல்லாமல் கட்டினால் மிச்சம் பிடித்த காசு விரிசல் அடைப்பதற்குப் போகும்.

பழைய அடுக்ககத்தை இடித்துக் கட்டும் திட்டங்கள் ஏன் பாதியில் நின்றுபோகின்றன?

இங்கே பில்டர் மனை வாங்குவதில்லை. எனவே அவர் போடும் பணம் ஏறக்குறைய முழுவதும் கட்டுமானச் செலவு. விலை ஏறினால் தாங்க இடமில்லை.

ஒரு கணக்கு: 3 கிரவுண்டு, 7,200 சதுர அடி மனை, பழைய வீடு 12, ஒவ்வொன்றும் 800, மொத்தம் 9,600 சதுர அடி. புதிதாக 14,400 கட்டலாம். உரிமையாளர்களுக்கு 10% கூடுதலாகக் கொடுத்தால் 10,560 போக, விற்க மிஞ்சுவது 3,840. சதுர அடி 12,000-க்கு விற்றால் 4.61 கோடி. கட்டுமானம் 2,600 வீதம் 3.74 கோடி. 12 குடும்பத்துக்கு மாதம் 20,000 வீதம் 24 மாத வாடகை 57.6 லட்சம். மிச்சம் 29 லட்சத்துக்கும் குறைவு. அனுமதிக் கட்டணமும் வட்டியும் இன்னும் கழிக்கவில்லை. கட்டுமானம் 10% ஏறினால் 37 லட்சம் கூடும். அவ்வளவுதான், திட்டம் நஷ்டத்தில்.

அதனால்தான் தி.நகர், அடையாறில் இடித்துக் கட்டுவது நடக்கிறது. விற்பனை விலை பாதியாக உள்ள பகுதிகளில் நடக்கவில்லை. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உடைமைச் சட்டம் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதம் போதும் என்றது. சம்மதப் பிரச்சினை தீர்ந்தது. கணக்குப் பிரச்சினை தீரவில்லை. ‘25% கூடுதல் தருகிறேன்’ என்று வரும் பில்டரிடம் மகிழ்வதைவிட, மேலே உள்ள கணக்கை அவர் எண்களில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒத்துவராத பேரத்தில் இடித்த பிறகு நின்றால், கையில் இருப்பது மனையில் ஒரு பாகமும் வாடகை வீடும்.

அரசு வீட்டுத் திட்டங்களையும் இது பாதிக்குமா?

நேரடியாக. பிரதமரின் நகர்ப்புற வீட்டுத் திட்டம் 2015-ல் தொடங்கியபோது கூட்டாகக் கட்டும் வீடு ஒன்றுக்கு மத்திய அரசின் பங்கு 1.5 லட்சம். 2024-ல் வந்த இரண்டாம் கட்டத்திலும் அதே 1.5 லட்சம்தான். ஏறிய செலவெல்லாம் மாநிலத்தின் மீதும், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தில் ஒதுக்கீடு பெறும் குடும்பத்தின் பங்குத்தொகை மீதும் விழுகிறது. தினக்கூலிக் குடும்பம் அந்தப் பங்குத்தொகையைக் கட்டத்தான் கந்துவட்டிக்கு ஓடுகிறது.

வங்கிக் கடன் போதாமல் போனால்?

வங்கி எஸ்டிமேட் பார்த்து அனுமதித்த தொகையைக் கட்டம் கட்டமாகத் தரும். விலை ஏறியது என்று தானாக ஏற்றாது. 30 லட்சம் வரையான கடனுக்கு மதிப்பில் 90%, 75 லட்சம் வரை 80%, அதற்கு மேல் 75% என்பது ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பு. எஸ்டிமேட்டில் 10 முதல் 15% எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்காமல் தொடங்கினால், ரூஃப் போட்டபின் பூச்சுக்குப் பணம் இல்லாமல் தனிநபர் கடனுக்குப் போக நேரும். கான்ட்ராக்டருக்கு முடிந்த வேலைக்கு மேல் முன்பணம் தராதீர்கள். விலை ஏறும்போது ஓடிப்போகிறவர் எப்போதும் முன்பணம் வாங்கியவர்தான்.

விலை இறங்கும்வரை காத்திருக்கலாமா?

கம்பிக்காகச் சில மாதம் காத்திருப்பதில் நியாயம் உண்டு. கூலிக்காகக் காத்திருப்பதில் இல்லை. தொடங்கிவிட்டு நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் மோசம்: தூணுக்கு விட்ட கம்பி ஒரு மழைக்காலம் நனைந்தால் துருவைச் சுரண்டும் கூலியே தனியாக வரும்.

முன்கூட்டியே வாங்கி அடுக்கி வைத்தால்?

கம்பியை வாங்கலாம். தரையில் படாமல் கட்டை மேல் அடுக்கி, சிமென்ட் பால் பூசி, தார்ப்பாய் போட்டால் சில மாதம் தாங்கும். வளைத்து வெட்டுவதை மட்டும் வேலை நாளுக்கு விடுங்கள். சிமென்ட்டை வாங்காதீர்கள். மூன்று மாதம் கிடந்த மூட்டை ஐந்தில் ஒரு பங்கு வலிமையை இழந்திருக்கும், சென்னையின் ஈரக்காற்றில் இன்னும் சீக்கிரம். மூட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் வாரத்தையும் ஆண்டையும் பார்த்து இறக்குங்கள். கைவிட்டால் கட்டி தட்டுப்பட்டால் திருப்பி அனுப்புங்கள்.